நாய்க்கு வலிப்பு, வீட்டில் அம்மாயி மட்டும்: அவசரத்துக்கு முன்பே எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

வேலந்தாவளம் தோப்பு · வெள்ளி, இரவு 10:42

மாநில எல்லைப்புறத்தில் நாய், பூனை வளர்க்கும் எல்லாரிடமும் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் கோயம்புத்தூரில் இரவுப் பணியில் இருந்தேன். வீட்டில் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) பிளஸ் டூ படிக்கும் தம்பியும் மட்டும். ஒன்பதரை மணிக்கு எங்கள் நாய் கருப்பன் தோப்பில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். வாயெல்லாம் நுரை. அம்மாயி இரும்புச் சாவிக்கொத்தை எடுத்து அவன் காலடியில் வைத்துப் பார்த்தார். தம்பி பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் தேங்காய் வண்டியில் அவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு கேரளப் பக்கம் ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தான்.

அங்கே கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. எடை எவ்வளவு? தெரியாது. இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா? தெரியாது. மருந்து ஏதாவது சாப்பிடுகிறதா? "அண்ணன் ஏதோ சத்து மாத்திரை கொடுப்பான்" என்று தம்பி சொல்லியிருக்கிறான். அம்மாயி "வலிப்பு, வலிப்பு" என்றதை அங்கிருந்த உதவியாளர் "வலிவு" என்று எடுத்துக்கொண்டார். மலையாளத்தில் அது மூச்சிரைப்பு. அந்த வாரம் தோப்பில் மருந்து அடித்திருந்தோம் என்பதை மட்டும் தம்பி சரியாகச் சொன்னான். அதனால் மருத்துவருக்குப் பூச்சிமருந்து விஷமோ என்ற சந்தேகம் வந்தது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

உண்மையில் கருப்பனுக்கு இரண்டு வருடமாக வலிப்பு நோய் இருக்கிறது. பினோபார்பிட்டோன் மாத்திரை, காலையும் இரவும். சோற்று உருண்டைக்குள் வைத்து நான்தான் கொடுப்பேன். அன்று வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட்டேன். ஆலைக்குள் கைப்பேசி அனுமதி இல்லை. பதினொன்றேகாலுக்கு இடைவேளையில் வெளியே வந்தபோது பதினேழு தவறிய அழைப்புகள் இருந்தன.

கருப்பன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவனைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானோ அங்கே இல்லை. இனி யார் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவர்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் என்னென்ன எழுத வேண்டும்?

கால்நடைக்காரர் · வெள்ளி, இரவு 11:30

தம்பி, நான் முப்பது வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதைப் போன்ற இரவுகள் எனக்கு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிறையத் தெரியும். வலிப்பு நோய்க்கும் பூச்சிமருந்து விஷத்துக்கும் எச்சில் வடியும், சிறுநீர் போகும், தசை துடிக்கும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறதா, நாடித்துடிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். "இரண்டு வருடமாக வலிப்பு, இன்ன மாத்திரை" என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

தாளின் உச்சியில் எடையை எழுதுங்கள், எடை போட்ட தேதியுடன். வலிப்பை நிறுத்தும் ஊசி, மயக்க மருந்து, குளுக்கோஸ் எல்லாமே கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். கண்ணால் பார்த்துச் சொல்வதில் நானே ஐந்தாறு கிலோ தவறியிருக்கிறேன்.

அடுத்தது மருந்து. "அரை மாத்திரை" என்று எழுதாதீர்கள். அதே மாத்திரை 30 மில்லிகிராமிலும் இருக்கிறது, 60 மில்லிகிராமிலும் இருக்கிறது. அட்டையில் உள்ள பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், கடைசியாக எப்போது கொடுத்தது என்பது வரை வேண்டும். கடைசி வேளைக்கு மட்டும் ஒரு சின்ன நாள்காட்டி வைத்துக் கொடுத்தவுடன் குறியிடுங்கள். மாத்திரையைத் திடீரென்று விட்டாலே வலிப்பு வரும்.

பழைய ரத்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள். பினோபார்பிட்டோன் நீண்ட நாள் சாப்பிடும் நாய்க்குக் கல்லீரல் நொதி அளவு ஏறித்தான் இருக்கும். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு அது புது நோய் போலத் தெரியும். போன வருட அளவு பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. வலிப்பு வரும்போது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போனால் அது உயிருக்கு ஆபத்து. வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும்.

பூனைவீடு · சனி, காலை 6:15

தத்தமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்னதோடு பூனைக்காரர்களுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும்: "பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது." இதைச் சிவப்பு மையில் எழுதி மருந்துப் பெட்டியிலேயே ஒட்டியிருக்கிறேன். நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு அரை மாத்திரை கொடுத்துவிட்டார். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும். ஈறு சாக்லேட் நிறமாக மாறியதைப் பார்த்தும் அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் செல்லி அன்று மாலையே போய்விட்டாள். அக்கா இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர்மேல் தவறில்லை. எழுதி வைக்காதது நான்.

ஆண் பூனை என்றால் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். மண்தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றும் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை. அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கோபாலபுரம் மேற்கு · சனி, காலை 8:50

எல்லாரும் சொல்வது நல்லதுதான். ஆனால் இங்கே பாதிப் பேர் வளர்ப்பது தோட்டத்து நாய். கஞ்சி ஊற்றினால் இருக்கும், இல்லையென்றால் அடுத்த தோட்டம். அதற்குத் தாள், ரத்தப் பரிசோதனை என்றால் எங்கள் ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். மாட்டுக்காவது காதில் பன்னிரண்டு இலக்கத் தோடு போட்டிருக்கிறார்கள், அதை வைத்துத் தடுப்பூசி விவரமெல்லாம் எடுத்துவிடலாம். நாய்க்கு என்ன இருக்கிறது?

ஏலமலை · சனி, காலை 9:40

கோபாலபுரம் அண்ணா, நான் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்து நாய்களும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு நாய். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, தன்னோடு விளையாடிய குழந்தையின் உடல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டியது குவி என்ற லயத்து நாய்தான். பிறகு இடுக்கி காவல் துறையின் நாய்ப்படை அதை எடுத்து வளர்த்தது. சொந்தக்காரர் இல்லாத நாய் என்று எதையும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நாங்கள் செய்திருப்பது எளிது. லயத்தின் கடைசி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை. நாயின் பெயர், எடை, வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி, அடுத்த ஊசி எப்போது. அவ்வளவுதான். ஒரு குழந்தையை நாய் பிராண்டிவிட்டால் முதலில் கேட்கும் கேள்வி அந்த ஊசியைப் பற்றித்தான். அட்டையை நெகிழி உறைக்குள் வையுங்கள். எங்கள் மழையில் இரண்டு நாளில் தாள் கூழாகிவிடும்.

விஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காட்டில் எந்த மருந்து அடித்தாலும் குப்பியின் பெயர்ச்சீட்டை அன்றே படம் எடுத்துக்கொள்கிறேன். அதில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மாற்று மருந்து என்ன என்றும் அந்தச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். "ஏதோ வெள்ளை மருந்து" என்று மருத்துவரிடம் சொல்வதற்கும் அந்தப் படத்தைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டேன்.

கால்நடைக்காரர் · சனி, பகல் 12:05

ஏலமலை சொன்னதை அப்படியே எலிமருந்துக்கும் கடைப்பிடியுங்கள். தின்ற கட்டியின் உறையை எடுத்துக்கொண்டு வாருங்கள், கிழிந்த துண்டாக இருந்தாலும் சரி. எலிமருந்து எல்லாம் ஒன்றல்ல. புரோமாடியலோன் கட்டியைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே ஓடியாடும், அதற்குப் பிறகுதான் ரத்தக் கசிவு தொடங்கும். அதற்கு வைட்டமின் கே1 இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். துத்தநாகப் பாஸ்பைடு அப்படியில்லை. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாகிச் சில மணி நேரத்திலேயே கொல்லும், அதற்கு முறிமருந்து கிடையாது. அந்த நாயை வண்டியில் ஏற்றினால் கண்ணாடிகளைத் திறந்து வையுங்கள். அது வாந்தி எடுத்தால் வரும் வாயு உங்களுக்கும் ஆபத்து.

உப்புக் கரைசல், புளித்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நாயைக் கொல்லும் அளவுக்குப் போய்விடுவதுண்டு.

கோபாலபுரத்துக்காரருக்கு: கேரளப் பக்கம் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் எடுக்க வேண்டும், அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றின் பின்பக்கத்திலேயே எடையையும் மருந்தையும் எழுதிவிடுங்கள். தனித் தாள் தேவையில்லை.

மீனாட்சிபுரத்து மருமகள் · சனி, பிற்பகல் 3:20

மருந்து, எடை எல்லாம் எழுதியாயிற்று. யார் முடிவு எடுப்பது என்று எழுதினீர்களா?

என் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். திருமணத்துக்கு முன்பிருந்தே அவர் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட், பெயர் ராஜா. போன வருடம் ஒரு நாள் இரவு சாப்பிட்ட பிறகு வயிறு பானை போல வீங்கியது. வாந்தி எடுக்க முயல்கிறது, ஒன்றும் வரவில்லை. பொள்ளாச்சியைத் தாண்டிக் கொண்டுபோனோம். இரைப்பை முறுக்கிக்கொண்டுவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், பிழைப்பது உறுதியில்லை, இவ்வளவு செலவாகும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

அவருக்கு அழைப்புப் போகவில்லை. மாமனார் "அவனைக் கேட்காமல் நாயை அறுக்கக் கூடாது" என்றார். மாமியார் அழுதுகொண்டிருந்தார். என் கழுத்துச் சங்கிலியை வைத்தாவது பணம் கட்டியிருப்பேன். ஆனால் அது அவருடைய நாய், நான் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் தாழ்வாரத்தில் நின்றோம். அழைப்புக் கிடைத்தபோது ராஜா இல்லை.

"நீ போட்டிருக்க வேண்டியதுதானே" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார், கோபமாக இல்லை. இப்போது இருக்கும் குட்டிக்கு அவர் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறார்: "நான் கிடைக்காவிட்டால் என் மனைவி எடுக்கும் முடிவே என் முடிவு. அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு தொகை வரை யாரையும் கேட்க வேண்டாம். மீள முடியாத வேதனை என்று மருத்துவர் சொன்னால் அமைதியாகப் போக விடுங்கள்." அந்தக் கடைசி வரியை எழுத அவருக்கு மூன்று நாளாயிற்று.

பூனைவீடு · சனி, பிற்பகல் 3:48

அக்கா, இதைப் படித்துவிட்டு இன்றே என் கணவரிடம் பேசப்போகிறேன். இந்த வரி என் தாளில் இல்லை.

கால்நடைக்காரர் · சனி, மாலை 4:10

அம்மா, இரைப்பை முறுக்கு வந்த நாய்களை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நாங்கள் இழந்திருக்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தை முழுக்க உங்கள் தலையில் சுமக்காதீர்கள். நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. நான் முப்பது வருடத்தில் யாரிடமும் முன்கூட்டியே இதை எழுதி வையுங்கள் என்று சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

புளியரைக் கணவாய் · சனி, இரவு 7:25

செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கிறோம். எங்களுக்குப் பாம்புதான் கவலை. பாம்புக்கடிக்கு மனிதருக்குப் போடும் அதே விஷமுறி மருந்துதான் நாய்க்கும். அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கு மட்டும் வேலை செய்யும். இந்த மலையில் இருக்கும் குழிவிரியனின் விஷத்தை அது முறிக்காது. அதனால் கடித்தது எது என்று தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், பாம்பை அடித்துக் கொண்டுபோக முயலாதீர்கள். கடித்த நேரத்தை எழுதுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பு வைத்திருக்கிறார்கள் என்று பகல் நேரத்தில் விசாரித்துத் தாளில் எழுதி வைப்பது. நான் புனலூர் வரை கேட்டு வைத்திருக்கிறேன், இந்தப் பக்கம் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கேட்டு வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்பேன்.

வேலந்தாவளம் தோப்பு · சனி, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

புளியரை அண்ணன் சொன்னதிலிருந்து எங்களுடைய உண்மையான சிக்கல் புரிகிறது. எந்தத் திசையில் ஓடுவது? கிழக்கே கோயம்புத்தூர் ஒரு மணி நேரத் தூரம். மேற்கே மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1955 முதல் இயங்குவது, எல்லா வசதியும் உண்டு, ஆனால் போய்ச் சேர இரண்டு மடங்கு நேரம். பக்கத்தில் மிருகாஸ்பத்திரி இருக்கிறது, இரவில் திறந்திருக்காது. அன்று தம்பி வாசலில் நின்று ஐந்து நிமிடம் இதைத்தான் யோசித்திருக்கிறான்.

கோபாலபுரம் மேற்கு · சனி, இரவு 9:50

தம்பி, எங்களுக்கு உடுமலைப்பேட்டையில் 2020-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இருந்தும் எனக்கு இதுவரை அது நினைவுக்கு வந்ததில்லை. பகலில் ஒன்று, இரவில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று மூன்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை நேரில் போய்விட்டு வருவதே சரி. கால்நடை மருத்துவ வண்டிக்கான 1962 என்ற இலவச எண்ணுக்கும் முன்கூட்டியே பேசி, நம் பஞ்சாயத்துக்கு வண்டி வருமா, எத்தனை மணி வரை என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்து நாய் இரண்டுக்கும் நாளை ஊசித் தேதியைத் தேடி எடுக்கிறேன்.

நகரி நெசவு · ஞாயிறு, காலை 7:00

ஆந்திர எல்லையிலும் இதே கதைதான்: திருப்பதி பக்கம், சென்னை வேப்பேரிக் கால்நடைக் கல்லூரி தூரம், வீட்டில் தமிழ், மருத்துவரிடம் தெலுங்கு. போன வருடம் எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள, தடுப்பூசி எல்லாம் போட்ட, நடுவயது நாய் ஒன்று வேண்டும் என்றார்கள். இரவு பத்து மணிக்குத் தெருத் தெருவாகக் கதவைத் தட்டினோம். இப்போது எங்கள் தறிக்கூடத்துச் சுவரில் அப்படிப்பட்ட நான்கு நாய்களின் வீட்டு எண்கள் இருக்கின்றன, அவர்களைக் கேட்டுச் சம்மதம் வாங்கி எழுதியவை. பூனைக்கு முதல் தடவையே ரத்தவகை பொருந்த வேண்டும் என்றார் எங்கள் மருத்துவர், அதனால் பூனைக்காரர்கள் வகையையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கால்நடைக்காரர் · ஞாயிறு, காலை 8:30

கடைசியாக ஒன்று. நலமாக இருக்கும்போது உங்கள் நாய் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். இது தெரியாமல் 102 என்றதும் காய்ச்சல் என்று பயந்து ஓடிவருபவர்கள் உண்டு. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று இன்றே எண்ணிப் பாருங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பு, அதையும் எழுதுங்கள். கடிக்கும் சுபாவம் இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள், அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

வேலந்தாவளம் தோப்பு · ஞாயிறு, இரவு 8:40

இன்று தாளை எழுதி முடித்தேன். கருப்பனைக் கொப்பரை நிறுக்கும் தராசில் நிறுத்தினோம். 22 கிலோ 400 கிராம். தம்பி அன்று மருத்துவரிடம் "ஒரு முப்பது இருக்கும்" என்று சொல்லியிருக்கிறான்.

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. மேலே எடை, வலிப்பு நோய், பினோபார்பிட்டோன் 60 மில்லிகிராம் காலை எட்டு, இரவு எட்டு. வலிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "சுழலி, அபஸ்மாரம்" என்று மலையாளச் சொற்களையும் மலையாள எழுத்திலேயே கொழிஞ்சாம்பாறை நண்பரை எழுதச் சொன்னேன். நடுவில் ஊசித் தேதிகள். கீழே மூன்று மருத்துவமனைகள், பகல் இரவு பிரித்து. ஆலைக் காவலர் அறையின் எண்ணையும் கேட்டு வாங்கிச் சேர்த்தேன், இனி என் கைப்பேசி அலமாரியில் கிடந்தாலும் செய்தி வரும். கடைசியில் மீனாட்சிபுரத்து அக்கா எழுதியதுபோல், நான் கிடைக்காவிட்டால் தம்பியும் அம்மாயியும் சேர்ந்து முடிவு எடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரு பிரதி நாள்காட்டிக்குப் பின்னால், ஒன்று தேங்காய் வண்டியில், ஒன்று எல்லாருடைய கைப்பேசியிலும். அம்மாயி வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது, இன்னும் பெரிதாக எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். மாலையில் திண்ணையில் கருப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் மூச்சை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மீனாட்சிபுரத்து மருமகள் · ஞாயிறு, இரவு 9:02

எத்தனை வந்ததாம்?

வேலந்தாவளம் தோப்பு · ஞாயிறு, இரவு 9:05

பத்தொன்பது, அக்கா. தாளில் அவரே எழுதிவிட்டார்.